அந்தச் சிவப்பு மாத்திரைக்கு என்ன பேரு?

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து 17 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு மாத்திரையையாவது பேர் சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் போடுகிற வெள்ளை, சாப்பாட்டுக்கு முந்திப் போடுகிற பொடிசு, ராத்திரி போடுகிற சிவப்பு. மருந்துக்கடைக்காரருக்கும் அந்தப் பாஷை போதும். காலி அட்டையை நீட்டினால் அதே நிறத்தில் புது அட்டை வரும். மாதக் கடைசியாக இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டிய ஆறு மாத்திரை வரும். மதுரை அண்ணா நகரில் இப்படித்தான் எங்கள் காலம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் 31 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

2023 அக்டோபரில் துபாயில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் அவளுக்கு வேலை அங்கே, விடுப்புக் கணக்கு அங்கே, பிரசவச் செலவை ஏற்கிற இன்ஷூரன்ஸும் அங்கே. அதனால் தாய்வீடே கிளம்பிப் போவதென்று முடிவாயிற்று. 60 நாள் விசிட் விசா. பூண்டு, கருப்பட்டி, பிரசவ லேகியம், குழம்புப் பொடி என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார்.

“அத்தை, மாமா சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க.”

ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி போன். “டப்பா வேணாம் அத்தை. அட்டை வேணும். பேரு தெரியணும்.”

அட்டைகளைத் தேடினால் பாதிக்கு மேல் வெட்டிய துண்டுகள். ஒன்றில் பேர் இருந்தால் காலாவதித் தேதி இல்லை, தேதி இருந்தால் பேர் இல்லை. எல்லாவற்றையும் ஒட்டவைத்துப் பார்த்தால் ஒன்பது மருந்து. அன்று ராத்திரி மாப்பிள்ளை ஒரே ஒரு படத்தை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தார். ராத்திரிச் சிவப்பு. இது அந்த ஊரில் கட்டுப்பாட்டு மருந்து, முன்கூட்டி அனுமதி வாங்காமல் கொண்டுவரக் கூடாது என்று கீழே எழுதியிருந்தார்.

“ஆத்தாடி, அது நரம்புச் சத்து மாத்திரைதானே?” என்றேன். கடையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பாதி உண்மை. அந்தக் கேப்சூலில் இரண்டு சரக்கு. ஒன்று மெத்தில்கோபாலமின், அதாவது பி12 வைட்டமின். இன்னொன்று பிரிகாபாலின். சர்க்கரையால் கால் நரம்பு கெட்டு உள்ளங்கால் எரிகிறதே, அந்த எரிச்சலைத் தணிக்கிற மருந்து. போதைக்காக இதை அளவு மீறிப் போடுகிறவர்கள் பெருகியதால் பல நாடுகள் இதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றிவிட்டன. ஐக்கிய அரபு அமீரகம் அதில் ஒன்று. பிரிட்டனில் 2019 ஏப்ரலிலிருந்து பிரிகாபாலினும், அதன் உடன்பிறப்பான கேபாபென்டினும் பட்டியலில் இருக்கின்றன. நம் ஊரில் கடலைமிட்டாய் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு மாத்திரை அட்டையை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். டாக்டர் சீட்டு இருந்தால்தான் தரவேண்டிய மருந்தின் அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ என்று அச்சடித்திருக்கும். நம் போதைமருந்துச் சட்டத்தின் கீழும் வருகிற மருந்தென்றால் அது ‘என்ஆர்எக்ஸ்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம், டயசிபாம், வலிக்குக் கொடுக்கிற டிரமடால் எல்லாம் இந்த வகை. (டிரமடால் 2018-ல்தான் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் அதைச் சாதாரண வலி மாத்திரை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) சிவப்பு எழுத்தைப் பார்த்தால் உஷாராகிவிடலாம். ஆனால் எங்கள் சிவப்புக் கேப்சூலின் அட்டையில் வெறும் ஆர்எக்ஸ்தான். அதாவது நம் ஊர் அடையாளம் நம் ஊர்ச் சட்டத்துக்கு மட்டுந்தான். போகிற நாட்டின் பட்டியலை மருந்துப் பேரை வைத்துத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். பிராண்டுப் பேரை வைத்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே இருக்கிற மருந்தின் பேர் வேண்டும், அது பிராண்டுப் பேருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். இங்கே நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். இளைப்புக்கு இழுக்கிற சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். பேர் தெரியாவிட்டால் தலைவலிக்குக்கூட வழியில்லை.

“அப்ப அந்த மாத்திரைய நிறுத்திட்டுப் போயிருவோம். அறுபது நாளுதானே” என்றார் வீட்டுக்காரர். கே.கே. நகரில் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க. தூக்கம் கெடும், வேர்த்துக் கொட்டும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். நிறுத்தறதா இருந்தா கொஞ்சங்கொஞ்சமா அளவைக் குறைச்சு, குறைஞ்சது ஒரு வாரம் எடுத்துத்தான் நிறுத்தணும். இப்ப நிறுத்தவும் வேணாம். நான் லெட்டர் தாரேன்.”

லெட்டரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை எழுதி அனுப்பியிருந்ததை நீட்டினேன். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாளைக்கு. டாக்டரின் முழுப்பேர், பதிவு எண், முத்திரை, தேதி. மருந்துப் பேர் கேபிடல் எழுத்தில், பிராண்டு இல்லாமல். டாக்டர் சிரித்தார். “டீச்சர் எனக்கே பாடம் எடுக்குறீங்களே.” கோபமில்லை, கேலிதான். ஆனாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு தெரிந்துகொண்டேன், இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. மருந்தின் பொதுப்பேரைப் படிக்கும்படியாக எழுதவேண்டும் என்பதும், பதிவு எண்ணைச் சீட்டில் போடவேண்டும் என்பதும் நம் நாட்டு மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

லெட்டர் கைக்கு வந்தும் அதைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. காரணம் இனிஷியல். ஆஸ்பத்திரிச் சீட்டில் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அவர் பேரும் அவர் அப்பா பேரும் முழுசாக. வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? வயது வேறு ஒரு சீட்டில் 63, இன்னொன்றில் 65. ஓ.பி. சீட்டு எழுதுகிற பெண் குத்துமதிப்பாகப் போட்டது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய சங்கடம் இது. ஆகவே டாக்டர் பேனாவை எடுக்கும் முன்பே பாஸ்போர்ட் நகலை மேசையில் வைத்துவிடுங்கள், அதில் உள்ளபடியே பேரும் பிறந்த தேதியும் எழுதட்டும்.

அனுமதிக்கு மாப்பிள்ளைதான் அங்கிருந்து விண்ணப்பித்தார். பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, டாக்டர் லெட்டர். கட்டணம் எதுவும் இல்லை. எங்களுக்கு அனுமதி வந்தது 30 நாள் அளவுக்கு. மீதி 30 நாளுக்கு அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டோம். நாங்கள் போனபோது அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்தோம். இப்போது மருந்துக்கென்றே தனி அமைப்பு அங்கே வந்துவிட்டது. அதனால் போன வருடம் போனவர் சொன்னதைக் கேட்டுக் கிளம்பாதீர்கள். டிக்கெட் போடுகிற அன்றே புதிதாகப் பாருங்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சிங்கப்பூர் போகும்போது தூக்க மாத்திரைக்காக அந்த நாட்டு மருந்துத் துறையில் அனுமதி வாங்கினார். குறைந்தது 10 வேலைநாளுக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. மலேசியாவுக்கு ஒரு மாத அளவு. ஜப்பானுக்கும் சீட்டு மருந்து ஒரு மாத அளவு, கூடுதலாக வேண்டுமென்றால் முன் அனுமதி. எந்த நாட்டுக்குப் போனாலும் டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாமல் அட்டையோடு, அதாவது வெட்டாத முழு அட்டையோடு, கடை பில்லோடு எடுத்துப் போவதுதான் சரி. எங்கள் மெடிக்கல்காரரிடம் “தம்பி, இந்த மாசம் கத்தரிக்கோல எடுக்காதப்பா” என்று சொல்லி வைத்தேன்.

இன்னொரு காகிதம் பாக்கி. முந்தின வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தைக் காணோம். சிகிச்சை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ரெக்கார்டு ரூமுக்குப் போங்க, பில்லிங்குக்குப் போங்க, நாளைக்கு வாங்க என்று அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விட்டார்கள். மூன்றாவது நாள் நான் வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதினேன். நோயாளியோ அவர் தரப்பினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது, இன்ன தேதி இன்ன நேரத்தில் இதைக் கேட்டிருக்கிறேன் என்று இரண்டே வரி. நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். முத்திரை குத்தத் தயங்கினார்கள். சாயங்காலமே முழுக் கோப்பின் நகலும் வந்துவிட்டது. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். மூன்று வருடம் கழித்துப் போய் நின்றால் கேட்கிற பலம் குறைந்துவிடும். வீட்டில் யாருக்கு ஆபரேஷன் நடந்திருந்தாலும் அன்றே வாங்கி வையுங்கள்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு எதிர்வீட்டு அக்கா ஒரு பையோடு வந்தார். அவர் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். “எம்புள்ளைக்கு இதக் கொஞ்சம் குடுத்துரு தாயி, ரெண்டு கிலோகூட வராது.” வெளிநாடு போகிறவர் வீட்டில் இந்தக் காட்சி நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். பையைப் பிரித்தேன். முறுக்கு, அதிரசம், குழம்புப் பொடி, லேபிள் இல்லாத பாட்டிலில் லேகியம், ஒரு இருமல் டானிக், அப்புறம் மூன்று அட்டை மாத்திரை. அவர் வீட்டுக்காரருக்கு முட்டிவலிக்கு எழுதினதாம். “அவனுக்கும் இடுப்பு வலின்னான். இத ரெண்டு போட்டா கேக்குதுன்னு கட்டி வச்சேன்.” அட்டையில் சிவப்பில் என்ஆர்எக்ஸ். டிரமடால்.

விளக்கினேன். என் பேரில் சீட்டு இல்லாத மருந்து என் பெட்டியில் இருந்தால் அது என் மருந்துதான், வேறு யாருக்கோ கொண்டுபோகிறேன் என்றால் இன்னும் மோசம். இருமல் டானிக்கில் கோடீன் என்ற அபினி வகை மருந்து இருந்தால் அதுவும் அப்படியே. பேர் ஒட்டாத லேகியத்தை அங்கே திறந்து காட்டி என்னவென்று சொல்வேன்? அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. “நான் என்ன கஞ்சாவா குடுத்து விடுறேன்?” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

அவர் போன பிறகுதான் என் பெட்டியில் இருந்த குழம்புப் பொடி ஞாபகத்துக்கு வந்தது. மதுரைக் கறிக்குழம்புக்குக் கசகசா இல்லாமல் என்ன ருசி? வறுத்து அரைத்துக் கலந்திருந்தேன். கசகசா அபினிச் செடியின் விதை. அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் இதே எச்சரிக்கை. “பொடிச்சதுல எவன் கண்டுபிடிக்கப் போறான்?” என்றார் வீட்டுக்காரர். ஒன்றரைக் கிலோ பொடியை நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கசகசா இல்லாமல் புதிதாக அரைத்தேன். மகள் சாப்பிட்டுவிட்டு “என்னம்மா, கை மாறிப்போச்சு?” என்றாள்.

மதுரையிலிருந்து நேர் விமானம். ஒன்பது மருந்தும், இன்சுலினும், ஊசியும், காகிதங்களும் என் கைப்பையில். பெரிய பெட்டியில் ஒரு மாத்திரைகூட இல்லை. பெட்டி வராமல் போனால் சேலை இல்லாமல் இரண்டு நாள் இருக்கலாம், இன்சுலின் இல்லாமல் முடியாது. அதோடு, விமானத்தின் அடிவயிற்றில் குளிர் மிகுந்து இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்தால் அது வீண். சோதனையில் ஊசியைப் பார்த்து ஒரு பெண் காவலர் கேட்டார், லெட்டரைக் காட்டினேன், முடிந்தது. துபாயில் இறங்கியதும் நாங்களாகவே போய் அனுமதித் தாளையும் கேப்சூல் அட்டைகளையும் எடுத்து நீட்டினோம். அதிகாரி எண்ணிப் பார்த்தார், தலையாட்டினார். இவ்வளவுக்கா ஒரு மாதம் ஓடினேன் என்று தோன்றியது. அந்தத் தாள் இல்லாமல் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை யோசிக்க மறுத்தேன்.

ஒருவேளை யாரையாவது நிறுத்திவிட்டால்? மாப்பிள்ளை சொல்லி வைத்திருந்தது இது. பொய் சொல்லாதீர்கள், என்ன மருந்து, யாருக்கு என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காவலில் வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அது அவர்கள் செய்கிற தயவு இல்லை. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு தருகிற உரிமை.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த எழுத்துக்கே காரணம்.

பேரன் பிறந்து இருபது நாள். வீட்டில் எல்லோரும் தூக்கம் கெட்டுக் கிடந்தோம். கொண்டுபோன இன்சுலின் தீரும் நிலை. அங்கே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். மருந்தாளுநர் ஒரு மலையாளப் பெண். அதே 30/70 கலவை இன்சுலின் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். “சிரிஞ்சு வேணுமா?” என்றாள். “வேணாம்மா, ஊர்ல இருந்து நெறையக் கொண்டாந்திருக்கேன்” என்று பெருமையாகப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். சிவப்பு மூடி போட்டது. அவள் முகம் மாறியது. “சேச்சி, இது போடக் கூடாது. ஒருக்காலும் கூடாது.”

நம் ஊரில் குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அங்கே ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. எங்கள் வீட்டுக்காரருக்குக் காலையில் 20 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்பது அரை மில்லி. அந்த அரை மில்லியை 100 யூனிட் குப்பியிலிருந்து உறிஞ்சினால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தரைமட்டமாக இறங்கி ஆள் நினைவிழந்துவிடுவார். குப்பி ஒன்றுபோல, மருந்துப் பேர் ஒன்றுபோல, கலவை ஒன்றுபோல. மூடி நிறம் ஒன்றுதான் வேறு. கரும்பலகையில் அடர்த்தி பற்றி நானே எத்தனை தடவை கணக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்! அந்தப் பெண் கேட்காமல் இருந்திருந்தால் மறுநாள் காலை என் கையால்தான் ஏற்றியிருப்பேன்.

கொண்டுபோன சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளை அன்றே ஒரு கெட்டி டப்பாவில் போட்டு மூடி ஒதுக்கிவைத்தேன். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது. பேனா இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அளவைப் பேனாவே பார்த்துக்கொள்ளும். நம்மைப்போலக் குப்பியும் சிரிஞ்சும் வைத்திருப்பவர்கள் ஊருக்குத் திரும்பும்போதும் இதையே தலைகீழாக நினைவில் வைக்க வேண்டும். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சால் நம் ஊர் 40 யூனிட் மருந்தை எடுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் உள்ளே போகும்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். அந்த ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் மதுரை நேரத்துக்கே பசிக்கிறவர். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி போட்டுக்கொண்டபின், சாப்பாடு தயாராகும் முன்பு “சும்மா நடந்துட்டு வாரேன்” என்று கீழே இறங்கினார். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். நடைபாதையில் உட்கார்ந்து, வேர்த்துக் கொட்டி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை ஒரு பாகிஸ்தானி டாக்சிக்காரர் பார்த்து 998-க்கு அழைத்திருக்கிறார். அந்த நாட்டில் ஆம்புலன்சுக்கு அதுதான் எண். சட்டைப் பையில் நான் வைத்திருந்த தாள் அப்போதுதான் வேலை செய்தது. நோய், ஒன்பது மருந்தின் பொதுப்பேர், இன்சுலின் அளவு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, மாப்பிள்ளையின் எண். எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே பக்கம். நாங்கள் போய்ச் சேரும் முன்பே குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் பணம் கேட்பார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேட்கவில்லை. அவசர நிலையில் உள்ள நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே சட்டம். பிறகு இருதயம் பற்றிய சந்தேகத்தில் ஒரு பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்டு அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தாளைக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. “தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் வந்து, என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், அதில் என்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டென்ட் வைத்த கோப்பைக் காட்டியதும் டாக்டரே அந்தப் பரிசோதனை இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டார். 72 மணி நேரக் கடிதம் எழுதி வாங்கிய கோப்பு அது. மறுநாள் கிளம்பும்போது முழு அறிக்கையும், வகைவாரியாகப் பிரித்த பில்லும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினோம். இந்தியாவில் எடுத்துக்கொண்டு போன பயணக் காப்பீடு. இருபது நாள் கழித்து மறுத்துவிட்டார்கள். காரணம், விண்ணப்பத்தில் ‘ஏற்கெனவே நோய் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. நிரப்பியது ஏஜெண்ட். “அதெல்லாம் போட்டா பிரீமியம் ஏறும்மா” என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் கையெழுத்து எங்களுடையது. நிறுவனத்துக்கு முறைப்படி புகார் எழுதினோம், பதிலில் திருப்தி இல்லை. ஒரு மாதம் கழித்துச் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை, நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போனோம், தோற்றோம். அந்தத் தோல்வியில் எனக்கு வருத்தம் உண்டு, குறை சொல்ல இடமில்லை. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். ஏஜெண்ட் நிரப்பிய தாளை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வரி விடாமல் படியுங்கள். மறைத்து மிச்சம் பிடித்த பிரீமியம் எங்களுக்கு எழுநூறு ரூபாய் சொச்சம்.

துபாயில் இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மகன் பார்க்க வந்தான். உசிலம்பட்டிப் பக்கம், ஐடிஐ படித்துவிட்டு அங்கே ஏசி மெக்கானிக். “பெரியம்மா, எனக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு, மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறாங்க” என்றான். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. துபாயில் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி தொழிலாளியின் மருத்துவக் காப்பீட்டுக்கு முதலாளிதான் பணம் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. “சம்பளச் சீட்டு எடுத்து வச்சிருக்கியா?” போனில் இருந்தது. கம்பெனிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார்கள், நான் ஆங்கிலம் திருத்தினேன். இரண்டு மாதம் கழித்துப் பிடித்த பணம் திரும்ப வந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை. கணக்குப் பிரிவில் தெரியாமல் நடந்துவிட்டது என்றார்களாம். நடந்திருக்கலாம். (ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளிலும் 2025 ஜனவரி முதல் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் காப்பீடு கட்டாயமாகியிருக்கிறது.)

அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். பத்தாவது தேறாமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவைப்படுகிற பாஸ்போர்ட்) வளைகுடா போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். அவன் அறையில் அப்படி வந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் அந்தப் பாலிசி இருந்திருக்கிறது. ஏஜெண்ட் கட்டியிருக்கிறார். நான்கு பேர் வீட்டிலும் அதன் நகல் இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆள் போய்விட்டால் உசிலம்பட்டியில் இருக்கிற ஆத்தா யாரிடம் போய் எதைக் கேட்பார்? அன்றே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வைத்தேன்.

டிசம்பரில் ஊர் திரும்பினோம். பேசாமல் இருந்த எதிர்வீட்டு அக்கா, பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் தானாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மகன் விசிட் விசா எடுத்திருக்கிறானாம், அவரும் அவர் வீட்டுக்காரரும் போகிறார்களாம். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே மாத்திரைகள், எல்லாம் வெட்டிய துண்டுகள்.

“தாயி, இதுல எது எதுன்னு பாத்துச் சொல்லு” என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதில் பேர் இல்லை. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “மெடிக்கலுக்கு நான் போறேன். பழைய பில்லுல பேரு இருக்கும்.”